எண்பத்தேழாவது கிண்ணம்

மஞ்சள் தாளில் எழுதிய பெயரை வெள்ளைத் தாளில் எழுதக் கூடாது. எங்கள் தீவில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. கொதிக்கிற தண்ணீரில் கை வைக்காதே என்று பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை அல்லவா, அந்த மாதிரி.

மஞ்சள் தாள் உயிரோடு இருப்பவர்களுக்கு. நான்காம் மாதத்து விழாவில், கடலம்மன் கோயிலுக்கு முன்னால் மூங்கில் பந்தல் போட்டதும், அதன் இடப்பக்கத் தட்டியில் அந்தத் தாள் ஒட்டப்படும். வீட்டுக்கு வீடு, படகுக்குப் படகு, தீவில் மூச்சு விடுகிற எல்லோருடைய பெயரும் அதில் இருக்கும். பூசாரி சேவல் கொண்டையில் கீறி எடுத்த ரத்தத்தால் அதில் புள்ளி வைப்பார். அதற்கப்புறம் ஓர் எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. வெள்ளைத் தாள் கடலோடு போனவர்களுக்கு. அவர்களைப் பேய் என்று நாங்கள் சொல்வதில்லை, கடல் அண்ணன்மார் என்போம். மூன்றாம் நாள் பொழுது சாய்கிற நேரத்தில் மணலில் பாய் விரித்து, ஆளுக்கொரு கிண்ணம் சோறு வைத்து, பூசாரி அந்தத் தாளைப் பார்த்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிடுவார்.

பதினான்கு வருடமாக இரண்டு தாள்களையும் நான்தான் எழுதி வந்தேன். எனக்கு வேலை ஐஸ் கிடங்கில். ஆனால் எதிர்க்கரைப் பட்டணத்துப் பள்ளியில் ஆறு வருடம் படித்திருந்ததால், தீவில் யாருக்குக் கடிதம் எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். தாள்களும் அப்படித்தான் என் கைக்கு வந்தன. மஞ்சள் தாளைச் சந்து வாரியாக எழுதுவேன். வெள்ளைத் தாளைக் குடும்ப வாரியாக, அப்பாவுக்குக் கீழே பிள்ளை, அண்ணனுக்குக் கீழே தம்பி என்று எண் போட்டு எழுதுவேன். அதே எண்ணையும் பெயரையும் துண்டுச் சீட்டில் எழுதிக் கிண்ணத்தில் ஒட்டுவேன். முதலில் பென்சில், பிறகு மை. பதினான்கு வருடத்தில் ஒரு பெயர் விட்டுப்போனதில்லை, ஒரு பெயர் இரண்டு முறை வந்ததில்லை. பதினைந்தாவது வருடம்தான் அது நடந்தது.

அதற்கு முந்தைய எட்டாம் மாதப் புயலில் லாய் யாவ் போய்விட்டான். தனியாளாகச் சின்னப் படகில் கணவாய் பிடிக்கப் போனவன். படகில் ஒரு பலகைகூடக் கரைக்கு வரவில்லை. விழாவுக்கு இருபது நாள் இருக்கும்போது அவன் மனைவி கம்-ஹோ ஐஸ் கிடங்குக்கு வந்தாள். கையெல்லாம் இறால் விழுது. நாற்றத்தோடு மேசைக்கு முன்னால் நின்றாள்.

"பிங் அண்ணே, எங்க வீட்டுப் பேரு எழுதிட்டீங்களா?"

"இன்னும் உங்க சந்துக்கு வரல."

"வரும்போது மொதப் பேரு அவரு பேரா இருக்கணும். அதுக்கப்புறம் அத்தை. அதுக்கப்புறம் நான்."

நான் பென்சிலைக் கீழே வைத்தேன். "ஏழு மாசம் ஆச்சும்மா."

"எனக்கு எண்ணத் தெரியாதா? பொணம் வந்துச்சா? பலகை வந்துச்சா? ஒரு செருப்பாவது வந்துச்சா?"

"வரல."

"அப்ப ஆளு வருவாரு. அந்த மனுஷன் எதுக்குத்தான் நேரத்துக்கு வந்திருக்காரு? கல்யாணத்தன்னிக்கே எல்லாரையும் ரெண்டு மணி நேரம் காக்க வச்சாரு. கேட்டா, வலை சிக்கிக்கிச்சாம்." 

சொல்லிவிட்டு, நான் எழுதும்வரை நகரமாட்டேன் என்பதுபோல நின்றாள். சந்து வரிசையை மீறி, அவள் கண்ணெதிரே அந்தப் பக்கத்தைத் திறந்து, லாய் யாவ் என்று எழுதினேன். அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் விரலால் தொடாமல், காற்றிலேயே அந்தப் பெயரின் மேல் ஒருமுறை கோடு இழுத்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

இரண்டு நாள் கழித்து யாவின் அம்மா வந்தாள். கம்-ஹோ கடற்கரையில் விழுதைத் தட்டில் பரப்பப் போகும் நேரமாகப் பார்த்து வந்திருக்கிறாள். கிடங்குக்குள் நுழையவில்லை, குளிர் ஆகாது. வாசலிலேயே நின்றுகொண்டு என்னை வெளியே கூப்பிட்டாள்.

"தம்பி, வெள்ளைத் தாள்ல ஒரு பேரு சேக்கணும்."

"யாரு பேரு பெரியம்மா?"

"யாரு பேருன்னு தெரியாத மாதிரி கேக்குற பாரு." குரலைத் தாழ்த்தினாள். "மூணு தடவ வந்துட்டான். வாசப்படி தாண்ட மாட்டேங்கிறான். சொட்டச் சொட்ட நிக்கிறான். வாயத் தொறந்து காட்டுறான். பல்லு இல்ல, நாக்கு இல்ல, உள்ள இருட்டு மட்டும்தான் இருக்கு. சோறுங்கிறான்."

"அது கனவு."

"கனவுதான். முழிச்சுக்கிட்டா வருவான்?"

கம்-ஹோ சொல்லி அவன் பெயரை மஞ்சள் தாளில் எழுதிவிட்டேன் என்றேன். அவள் கோபப்படவில்லை. அந்தப் பதிலைத் தயாராக வைத்திருந்தவள்போல நிதானமாகச் சொன்னாள். "எழுதினா எழுதிட்டுப் போ. உசுரோட இருந்தா அந்தக் கிண்ணம் அவனுக்கு வேணாம், சும்மா கெடக்கும். செத்திருந்தா அதத் தவிர அவனுக்கு வேற சோறு கெடையாது. நீ படிச்சவன், சொல்லு. ஒரு கிண்ணம் சோறு வச்சா யாருக்கு என்ன கொறஞ்சிடும்?"

நான் கடற்கரைப் பக்கம் பார்த்தேன்.

"அவகிட்ட மட்டும் சொல்லிடாத. தெரிஞ்சா என் முடியப் புடிச்சு இழுப்பா."

"அப்படியெல்லாம் செய்யமாட்டா."

"இழுக்க முடி எங்க இருக்குங்கிறியா?" என்று தலையைத் தடவிக்கொண்டே போனாள்.

அன்று முழுவதும் யோசித்தேன். ஒரே ஆளுக்கு இரண்டு விலாசத்தில் கடிதம் போட்டால், ஆள் இல்லாத விலாசத்தில் அது பிரிக்கப்படாமல் கிடக்கும், அவ்வளவுதானே என்று தோன்றியது. இரண்டு பெண்களுக்கும் இல்லையென்று சொல்லாமல் இருந்ததாகவும் ஆயிற்று. வெள்ளைத் தாளில் எண்பத்தாறாவது பெயர் லாய் ஃபூன், யாவின் அப்பா. முப்பத்தோரு வருடத்துக்கு முன், யாவ் வயிற்றில் இருக்கும்போதே கடலோடு போனவர். எனக்கு அவரைத் தெரியும். வலது கையில் கடைசி இரண்டு விரல்களை நங்கூரக் கயிறு கொண்டுபோயிருந்தது. மூன்று விரலாலேயே எல்லோரையும்விட வேகமாக வலை பின்னுவார். அவருக்குக் கீழே எண்பத்தேழு என்று போட்டு, லாய் யாவ் என்று எழுதினேன்.

விழாவின் மூன்று நாளும் தீவில் மீன் கிடையாது. படகுகள் கொடி கட்டி வரிசையாக நிற்கும். ஐஸ் அரைக்கிற இயந்திரம் வாய் மூடிக் கிடக்கும். கருவாட்டுக் கடைக்காரர்கூடக் காளானும் சோயாக்கட்டியும் தின்றுவிட்டு ஏப்பம் விடுவார். பூனைகள் மட்டும் எங்கள்மேல் கோபமாகத் திரியும். முதல் நாள் மஞ்சள் தாளை ஒட்டியதும் கம்-ஹோ வந்தாள். பெயர் இருக்கும் இடத்தை நான் காட்டினேன். ரத்தப் புள்ளி வைக்கும்வரை அங்கேயே நின்று பார்த்தாள். "இனி யாரும் அழிக்க முடியாதுல்ல?" என்று கேட்டாள். முடியாது என்றேன். சற்றுத் தள்ளி யாவின் அம்மா ஊதுபத்திக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவேயில்லை.

மூன்றாம் நாள் வெளிச்சம் மங்கும்போது மணலில் இருநூற்றுப் பதினான்கு கிண்ணங்கள் வைத்தோம். ஒவ்வொன்றிலும் நடுவில் ஓர் ஊதுபத்தி. பாய்களின் தலைமாட்டில் காகிதத்தில் செய்த ராஜா, இரண்டு ஆள் உயரம், நீல முகம், கையில் ஏடு. யார் யார் வந்தார்கள் என்று குறித்துக்கொள்வது அவர் வேலை. குவோக் பூசாரி பெயர்களை மூச்சு விடாமல் படித்துக்கொண்டே போவார். மணிச் சத்தமும் தாரைச் சத்தமும் கலந்து, இரண்டடி தள்ளி நிற்பவருக்கு ஒன்றும் புரியாது. கம்-ஹோ அந்தப் பக்கமே வரவில்லை. அவளுக்கு அங்கே என்ன வேலை?

எல்லாம் முடிந்து, எரிப்பதற்காகச் சீட்டுகளைக் கிண்ணங்களிலிருந்து உரித்துக்கொண்டு வந்தேன். சோறு எல்லாவற்றிலும் குவித்தபடியே இருந்தது, மேலே சாம்பல். எண்பத்தேழில் பாதிச் சோறு இல்லை. பூனை என்று நினைத்தேன். ஆனால் பூனை வாய் வைத்தால் சிதறும், கிண்ணம் சாயும். இது ஓரத்திலிருந்து ஒழுங்காக வழித்துத் தின்றதுபோல இருந்தது. மிச்சச் சோற்றின் மேல் ஈரம். சீட்டை உரித்துவிட்டு எண்பத்தெட்டுக்குப் போனேன். ராஜாவையும் வெள்ளைத் தாளையும் எரித்தோம்.

விழா முடிந்த பதினோராம் நாள் காலைப் படகில் லாய் யாவ் வந்து இறங்கினான்.

படகுத்துறையில் இருந்தவர்கள் ஓடிப்போய்ப் பட்டாசு வாங்கி வந்தார்கள். பெருநிலத்து மீன்படகு ஒன்று அவனைக் கடலிலிருந்து எடுத்திருக்கிறது. கால் முறிந்து, வடக்கே எங்கேயோ வைத்தியசாலையில் கிடந்து, நீ யார் எந்த ஊர் என்று அவர்கள் விசாரித்து முடித்துக் காகிதம் கொடுக்க இத்தனை மாதம். கம்-ஹோ விழுதுத் தட்டைப் போட்டுவிட்டு வந்தாள். அவனுக்கு இரண்டடி முன்னால் நின்றுகொண்டு, "கணவாய் எங்க?" என்று கேட்டாள். அவன் சிரித்தான். பிறகுதான் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். யாவின் அம்மா கூட்டத்துக்குப் பின்னால் நின்று, அவனை அல்ல, என்னைப் பார்த்தாள்.

மறுநாள் அவன் ஐஸ் கிடங்குக்கு வந்தான். மற்றவர்கள் உள்ளே வந்தால் தோளைக் குறுக்கிக்கொள்வார்கள். அவன் ஐஸ் பாளத்தின்மேல் கை வைத்துக்கொண்டே பேசினான்.

"அண்ணே, விழாவோட மூணாம் நாளு நீங்க சாம்பல் நிறச் சட்டை போட்டிருந்தீங்களா? முழங்கையில ஒட்டு போட்டது?"

அந்தச் சட்டைதான். "யாரு சொன்னா?"

"பாத்தேன். ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்திருந்தேன், வெளிச்சம் போற நேரம். யாரோ என் பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க. நம்ம ஊர் ராகத்துல. எழுந்து போனேன். கால் வலிக்கல. நம்ம மணலு. நீளமா பாய், எல்லாரும் உட்கார்ந்திருக்காங்க, எல்லாரும் நனைஞ்சிருக்காங்க. எனக்கும் ஒரு கிண்ணம் இருந்துச்சு. பசி வேற. உட்கார்ந்து சாப்பிட்டேன்."

"அப்புறம்?"

"சில்லுன்னு இருந்துச்சு சோறு. பக்கத்துல ஒருத்தரு, என் வயசுதான் இருக்கும், தன் கிண்ணத்தயும் என் பக்கம் தள்ளி, சாப்பிடு சாப்பிடுன்னாரு. நல்ல மனுஷன். கையில ரெண்டு வெரல் இல்ல." கையை ஐஸிலிருந்து எடுத்துப் பார்த்தான். "அதுலேர்ந்து பசியே எடுக்கலண்ணே. அதான் ஒரு மாதிரி இருக்கு."

அவன் அப்பாவின் விரல்களைப் பற்றி அவனிடம் யாரும் சொன்னதில்லை போலிருக்கிறது. நானும் சொல்லவில்லை.

அடுத்த மாதங்களில் யாவ் இளைத்துக்கொண்டே போனான். கம்-ஹோ மீனை ஆவியில் வேகவைத்தாள், கோழி அறுத்தாள், கஞ்சியில் முட்டை உடைத்து ஊற்றினாள். உட்காருவான், கிண்ணத்தைக் கையில் எடுப்பான், கீழே வைத்துவிடுவான். கடல் வற்றுகிற நேரங்களில் மணலில் போய், பாய் விரித்த இடத்தில் நிற்பான். ஒருநாள் கம்-ஹோ என் மனைவியிடம் சொல்லி அழுதிருக்கிறாள். அன்று ராச்சோற்றின் நடுவில் அவன் சாப்பிடுகிற குச்சிகள் இரண்டையும் நட்டுவைத்தானாம், செத்தவர்களுக்கு வைப்பதுபோல. அவள் பிடுங்கி எறிந்தாளாம். அவன், "ஏன், அப்படித்தான வைப்பாங்க?" என்றானாம்.

ஆனாலும் அவன் சாகவில்லை. எதைத் தின்று உயிரோடு இருக்கிறான் என்பது பதினோராம் மாதம்தான் கம்-ஹோவுக்குத் தெரிந்தது. அன்றே நேராகக் கிடங்குக்கு வந்தாள். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவளே விசையை இழுத்து நிறுத்தினாள்.

"வீட்டுக்குப் பின்னால, விழுதுப் பானைக்கு மறைவா, அத்தை தெனமும் சோறு வைக்கிறாங்க. ஆறின சோறு. அதுல ஊதுபத்தி. அவரு போய்க் குந்திக்கிட்டு அதத் திங்கிறாரு. சாம்பலோட." அவள் கத்தவில்லை. "அத்தைய கேட்டேன். பிங்கக் கேளுன்னாங்க. சொல்லுங்க. அவரு பேர வேற எங்க எழுதினீங்க?"

சொன்னேன். எண்ணையும் சொன்னேன். அவன் ஐஸ் பாளத்தில் கை வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னதையும் சொன்னேன்.

"நான் உங்க முன்னாடி நின்னு எழுத வச்சேன்," என்றாள். "என் முதுகுக்குப் பின்னால எழுதுவீங்கன்னு தெரிஞ்சிருந்தா அந்த இருபது நாளும் இங்கயே நின்னிருப்பேன்."

குவோக் பூசாரி விழாவுக்கு மட்டும்தான் எங்கள் தீவுக்கு வருவார். மறுநாள் இருவரும் படகேறி அவர் தீவுக்குப் போனோம். அவர் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை உறிஞ்சுவதை நிறுத்தவில்லை.

"ரெண்டு தாள்லயும் எழுதின."

"ஆமா சாமி."

"படிச்சவனுக்குத்தான் இப்படியெல்லாம் தோணும்." கிண்ணத்தைக் கீழே வைத்தார். "நான் கூப்பிட்டேன், அவன் வந்தான், சாப்பிட்டான். ராஜா குறிச்சுக்கிட்டாரு. இப்ப என்ன பண்ணச் சொல்ற?"

"வர்ற விழாவுல அந்தப் பேர விட்டுட்டா?"

"விட்டா அந்தச் சோறும் போச்சு. இங்க இருக்குற சோறு அவனுக்கு ஏற்கனவே இறங்கல. அப்புறம் எதத் தின்னு இருப்பான்?" கம்-ஹோவைப் பார்த்தார். "ஒண்ணு செய்யலாம். நான் அவன் பேரச் சொல்லும்போது, அதே வீட்டு ஆளு ஒருத்தர், அவனுக்கு முந்தி, வந்துட்டேன்னு குரல் குடுத்து, அவன் எடத்துல உட்கார்ந்து அந்தச் சோத்தத் திங்கணும். எடம் அவங்களுதாயிடும். அவன் எழுந்து வந்துடலாம்."

"உட்கார்ந்தவங்க?" என்று கேட்டேன்.

"இப்ப அவன் எப்படி இருக்கானோ அப்படி இருப்பாங்க."

"சரி," என்றாள் கம்-ஹோ. திரும்பி வரும் படகில் அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கிண்ணம் முழுவதும் தின்ன வேண்டுமா, பாதி போதுமா? தெரியவில்லை என்றேன். முழுவதையும் தின்றுவிடுவேன் என்றாள். அத்தைக்குத் தெரிய வேண்டாம் என்றும் சொன்னாள்.

ஒருத்திக்குத் தெரியாமல் இன்னொருத்திக்கு ஒன்றைச் செய்ததால் வந்த வினை இது. மறுபடியும் அதையே செய்ய என்னால் முடியவில்லை. விழாவுக்கு முந்தைய வாரம் யாவின் அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். யாவ் சொன்ன இரண்டு விரல் இல்லாத ஆளையும் சொன்னேன். அவள் சின்ன இறாலில் மண் பொறுக்கிக்கொண்டிருந்தாள். விரல்கள் நின்றன.

"அவன் வயசுதான் இருக்கும்னு சொன்னானா?"

"ஆமா பெரியம்மா."

"அது சரி, அவருக்கு அதுக்கப்புறம் ஏது வயசு," என்றாள். பிறகு, "எண்பத்தேழுக்கு எந்தப் பக்கம் அவரு கிண்ணம்?" என்று கேட்டாள்.

"இடப்பக்கம்."

அவள் மறுபடி மண் பொறுக்க ஆரம்பித்தாள்.

மூன்றாம் நாள் வந்தது. காற்றே இல்லை. ஊதுபத்திப் புகை இருநூற்றுப் பதினாறு கிண்ணங்களுக்கு மேலே நேராக எழுந்து நின்றது. அந்த வருடம் இரண்டு பேர் கூடியிருந்தார்கள். கம்-ஹோ விழாவுக்குத் தைத்த சட்டையோடு எண்பத்தேழுக்கு நேர் பின்னால் வந்து நின்றாள். உதடு மட்டும் அசைந்தது, அந்த ஒரு வார்த்தையைப் பழகிக்கொண்டிருந்தாள். யாவை வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருந்தோம். பெயர்கள் ஆரம்பித்ததும் அவனாகவே வந்துவிட்டான். கழுத்தெலும்பில் சட்டை தொங்கியது. கண் கிண்ணங்களிலேயே இருந்தது. எங்களில் யாரையும் அவன் பார்த்ததாகத் தெரியவில்லை.

நான் பூசாரிக்குப் பக்கத்தில் தாளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எழுபது தாண்டியது. எண்பது தாண்டியது. மற்ற பெயர்களை ஓட்டமாகப் படித்தவர், அங்கே மட்டும் நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

"லாய் ஃபூன்."

பூசாரி வீசிய ஒரு சிட்டிகை அரிசி பறந்து மணலில் விழுந்தது. பாயில் யாரோ நகர்ந்து இடம் விட்டதுபோல ஓலை லேசாகக் கிறீச்சிட்டது. எனக்குக் கேட்டது, பூசாரிக்கும் கேட்டது.

"லாய் யாவ்."

யாவ் காலை எடுத்து வைத்தான். கம்-ஹோ வாயைத் திறந்தாள்.

"வந்துட்டேன்."

குரல் கீழேயிருந்து வந்தது. யாவின் அம்மா பாயில் உட்கார்ந்திருந்தாள். எப்போது வந்தாள், எந்தப் பெயரின்போது உட்கார்ந்தாள் என்று எவருக்கும் தெரியாது. ஊதுபத்தியைப் பிடுங்கிக் கிண்ணத்துக்கு வெளியே நட்டாள். ஒரு வாய் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அத்தை, எந்திரிங்க." கம்-ஹோ அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். "இது எனக்கு வச்சது. எந்திரிங்க அத்தை."

"ஏண்டி," என்றாள் வாய் நிறையச் சோற்றோடு, திரும்பாமலேயே, "மாமனார் பக்கத்துல உரசிக்கிட்டு உட்கார்ந்து திங்க உனக்கு வெக்கமா இல்ல? உன்னப் பெத்தவங்க இப்படியா வளத்தாங்கன்னு அவரு கேக்க மாட்டாரு? போ. போய்ப் புருஷனப் பாரு."

பூசாரி ஒரு மூச்சு விட்டார். எண்பத்தெட்டைப் படித்தார்.

யாவ் நடுவழியில் நின்றுவிட்டான். தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாதவன்போல, கொஞ்ச நேரம். பிறகு வயிற்றில் கை வைத்துக்கொண்டு, குனிந்து, "கம்-ஹோ," என்றான். "பசிக்குது."

அவள் பந்தலுக்கு ஓடினாள். ஆவி பறக்கிற தாமரை விதை ரொட்டியைத் துணியில் சுற்றக்கூட நேரமில்லாமல் வெறும் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். அவன் அதை அப்படியே வாயில் போட்டுக் கடித்தான். கத்தினான். "நாக்கு பொசுங்கிப் போச்சுடி. ஊதிக் குடுக்கத் தெரியாதா?" பிறகு வாயைத் திறந்தபடியே, கண்ணில் நீரோடு, ஹா ஹா என்று ஊதிக்கொண்டே மென்றான். இரண்டாவதை அவள் ஊதினாள். நெடுநேரம் ஊதினாள், ரொட்டி ஆறிய பிறகும்.

கடைசிப் பெயர் முடிந்து, கூட்டம் காகித ராஜாவை எரிக்கிற இடத்துக்கு நகர்ந்தது. நான் வழக்கம்போலச் சீட்டுகளை உரித்துக்கொண்டு வந்தேன். யாவின் அம்மா இன்னும் உட்கார்ந்திருந்தாள். கையைத் தொட்டேன், ஐஸ் பாளம்போல இருந்தது. முகம் நன்றாக இருந்தது. எண்பத்தேழில் ஒரு பருக்கை இல்லை. எண்பத்தாறில் பாதி போயிருந்தது, ஓரத்திலிருந்து ஒழுங்காக வழித்து. தன் பக்கம் தள்ளியிருந்த அந்தக் கிண்ணத்தை அவள் எட்டிப் பார்த்துவிட்டு, இடப்பக்கமாகத் திருப்பித் தள்ளி வைத்தாள்.

"வீட்டுக்குப் போகலாம் பெரியம்மா."

"போகலாம், இரு. அவரு இன்னும் முடிக்கல." சட்டை நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "நீ வைக்கிறது அவருக்கு எந்த வருஷமும் பத்தலயாம், தம்பி. அடுத்த தடவ கொஞ்சம் சேத்து வையி."